பிலோமினாவைக் கட்டப் போன ஞாயிற்றுக்கிழமை

ஐம்பதைத் தாண்டியும் தனியாக இருக்கிற ஆம்பிளையைப் பற்றி ஊருக்கு இரண்டே கருத்துதான். ஒன்று, அவனுக்கு ஏதோ கோளாறு. இரண்டு, அவன் எதையோ மறைக்கிறான். சுங்கைப் பட்டாணியில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் முதல் கட்சி, பாதிப் பேர் இரண்டாம் கட்சி. இரண்டு கட்சியும் சொன்னது சரிதான் என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். கோளாறு, எனக்கு ராக் இசை என்றால் உயிர். மறைத்தது, அந்த இசையை நம்பி நான் குதிரை கட்டினேன்.

எங்கள் பக்கத்தில் குதிரைப் பந்தயத்தில் பணம் வைப்பதைக் ‘குதிரை கட்டுறது’ என்போம். பழகினவர்கள் பேசிக்கொள்ளும்போது குதிரை என்ற சொல்லும் விழுந்துவிடும். குதிரையின் பெயர் மட்டும் நிற்கும், பக்கத்தில் ‘கட்டுறேன்’ நிற்கும். “நாளைக்கு யாரக் கட்டுற?” என்று ஒருவர் கேட்டால் அது கெட்ட கேள்வி இல்லை. தமிழில் பெண்ணையும் அதே சொல்லால்தான் கட்டுகிறார்கள் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. அந்த இன்னொரு கட்டுவதில் எனக்கு அனுபவம் இல்லை. (இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.)

ராக் பைத்தியம் பிடித்தது ரப்பர்த் தோட்டத்தில் குடியிருந்தபோது. எனக்குப் பதினாறு வயது. அம்மாவுக்குப் பக்திப் பாடல் கேசட் வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்கள். பஸ் நிலையத்துக் கடையில் வாங்கி வந்தேன். அட்டையில் முருகன் இருந்தார். உள்ளே வேறு ஆள் இருந்தான். போட்டதும் ஒரு கிட்டார் அலறியது, அதற்கு மேல் ஒருவன் அலறினான். அம்மா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, “யாருக்குடா சாமி வந்திருக்கு?” என்று கேட்டாள். சாமி எனக்குத்தான் வந்தது. இன்னும் இறங்கவில்லை.

அதற்கப்புறம் முப்பது வருடம். கையுறைத் தொழிற்சாலையில் வேலை, பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீடு, ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பெரிய ஒலிபெருக்கி. என் வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைக் கேட்டு, “இது என்னா பாட்டு?” என்று ஆசையாகக் கேட்ட ஒரு ஆள் கிடையாது. அக்கா அதைத் தகரம் உருட்டுகிற சத்தம் என்பாள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று தடவை வேலியோரம் வந்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். நல்ல பாட்டு ஒன்று முடியும்போது பக்கத்தில் திரும்பி, “பாத்தியா அந்த எடத்த?” என்று சொல்லத் தோன்றும். திரும்பினால் சுவர்தான். சுவரிடம் எத்தனை நாள் சொல்வது?

இப்படி இருக்கும்போது ஒரு நாள் முடிதிருத்தும் கடையில் காத்திருந்தேன். கையில் பழைய பத்திரிகை. அதில் பினாங்குத் திடலில் ஓடப்போகிற குதிரைகளின் பட்டியல். ஐந்தாவது பெயர் ‘ஃபீட்பேக்’. கிட்டாரை ஒலிபெருக்கிக்கு முன்னால் நீட்டினால் ஒரு ஊளைச் சத்தம் வரும், தெரியுமா? அதற்குத்தான் அந்தப் பெயர். எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒரு மனிதன் ஒரு குதிரையை விலைக்கு வாங்கி, உலகத்தில் இருக்கிற பெயரையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஊளைச் சத்தத்தின் பெயரை வைத்திருக்கிறான். அப்படியென்றால் எங்கேயோ என்னைப் போல ஒருவன் இருக்கிறான்.

நான் குதிரை கட்டியது காசுக்காக இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். செல்லையா அண்ணனும் நம்பவில்லை. அவர் பட்டர்வொர்த்தில் இருக்கிற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அப்பாவின் பழைய கூட்டாளி. குதிரையின் கால், மூச்சு, போன மாத ஓட்டம் எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருப்பார். நான் பட்டியலைப் பார்த்து, ‘டிரம் ரோல்’, ‘லாஸ்ட் என்கோர்’ என்று கச்சேரி வாசம் அடிக்கிற பெயராகக் கட்டுவேன்.

“டேய், குதிர காலால ஓடுதா, பேரால ஓடுதா?” என்பார்.

“பேரு வச்சவன் நம்ம ஆளு அண்ணே.”

“எவன்டா நம்ம ஆளு? அந்த ஃபீட்பேக்கு உங்க கம்பெனில மாசாமாசம் எழுதிக் குடுக்கிற ஃபாரம்டா. எவனோ மேனேஜரு வாங்கி விட்டிருக்கான்.”

ஃபீட்பேக் அன்றைக்கு வளைவில் திரும்பாமல் நேராகப் போனது. டிரம் ரோல் கிளம்பவே இல்லை. லாஸ்ட் என்கோர் ஜெயித்தது. அன்று எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. (என் ஜாதகம் அப்படி.) ஆனாலும் நான் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் முகம் தெரியாத ஒருவனுக்கு, “எனக்கும் கேக்குதுடா” என்று சீட்டு எழுதி அனுப்புகிற மாதிரி இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். தனியாக இருக்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

இதில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் லெட்சுமி. என்னைவிட ஏழு வயது மூத்தவள். பீடோங்கில் வீடு. சனிக்கிழமை தவறாமல் மதியம் அடுக்குப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு வருவாள். என் வீட்டுக்குள் வாரத்தில் கால் வைக்கிற ஒரே மனித ஜீவன் அவள்தான். பத்து வருடமாக எனக்குப் பெண் பார்த்தாள். கடைசியாக ஒரு குடும்பத்தை வீட்டுக்கே அழைத்து வந்தாள். அவர்கள் வந்த நேரத்தில் நான் பாட்டை நிறுத்த மறந்துவிட்டேன். பெண்ணின் அம்மா மேலே பார்த்து, “கூரையில வேல நடக்குதா?” என்று கேட்டார். நான் உடனே, “உங்க காதுலதான் வேல செய்யணும்” என்றேன். அவர்கள் தேநீர் குடிக்காமல் போனார்கள்.

அக்கா கத்தினாள். நான் அதைவிடக் கத்தினேன். “இனிமே கல்யாணம்னு ஒரு வார்த்த எடுத்தா இந்த வாசல மிதிக்காதே” என்றேன். இருக்கிற ஒரே ஆளையும் வாசலில் நிறுத்தி வைத்துப் பேசிய பேச்சு. என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா கெட்டிக்காரி. சனிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை, அந்த வார்த்தையை எடுக்கவும் இல்லை. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு மீன் குழம்பு மட்டும் பேசினாள்.

அவளுக்குச் சூதாட்டம் ஆகாது. லாட்டரி நம்பர் எடுக்கிற ஆளுக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டாள். அதனால் குதிரை விஷயம் அவளுக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை வந்த பட்டியலில் ‘பிலோமினா’ என்று ஒரு பெயர் இருந்தது. உங்களுக்கு அது மாதா கோவிலில் பார்க்கிற யாரோ ஒரு அக்காவின் பெயர். எனக்கு அப்படி இல்லை. நான் உயிராகக் கேட்கிற கிட்டார்காரர் ஒருவர் தன் கிட்டாருக்கு வைத்த பெயர் அது. கேசட் அட்டையின் உள்பக்கத்தில், கடைசி வரியில், பொடி எழுத்தில் நன்றி சொல்லியிருப்பார். அதைப் படித்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். இன்னொருவன் படித்திருக்கிறான்! குதிரைக்கு வைத்திருக்கிறான்!

செல்லையா அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அக்கா சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வருடச் சத்தத்தில் என் காது பாதி போய்விட்டது. நான் தொலைபேசியில் பேசினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

“அண்ணே, முடிவு பண்ணிட்டேன். நாளைக்குப் பிலோமினாவக் கட்டப் போறேன்.”

அவர் அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டார். அது கிழடு என்றார்.

“வயசு ஆயிருச்சுதான். அதனால என்னா? எனக்கு மட்டும் சின்ன வயசா?”

காலில் அடி என்றார்.

“அதெல்லாம் தெரியும் அண்ணே. இப்ப நல்லா நடக்கிறாளாம்.”

இரண்டு முதலாளி கைமாறி வந்தது என்றார்.

“ரெண்டு பேருகிட்ட இருந்தா என்னா? அவனுங்களுக்கு வச்சுக்கத் தெரியல. எனக்கு அந்தப் பேரு போதும் அண்ணே. பேரப் பாத்ததும் நெஞ்சுல என்னமோ ஆயிருச்சு. இந்த மாச ஓவர்டைம் காசு பூராவும் அவளுக்குத்தான். தனிக்கட்டைக்கு எதுக்குக் காசு?”

சமையல்கட்டில் ஒரு மூடி விழுந்து உருண்டது. ஈரக் கையோடு அக்கா வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. குதிரை விஷயம் தெரிந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் நான் முதலில் எகிறுவேன். அது என் பழக்கம்.

“ஒட்டுக் கேட்டியா?”

“ஒட்டு என்னாடா ஒட்டு, இந்தத் தாமான்ல இருக்கிற வீடு பூராவும் கேட்டுச்சு. எங்கடா?”

“பினாங்குல.”

“எத்தன மணிக்கு?”

“ரெண்டரைக்கு.”

அக்கா விரல் விட்டு எண்ணினாள். “ராகு காலம் நாலரைக்குத்தான். நல்லவேள.”

சூதாட்டத்துக்கு அக்கா நல்ல நேரம் பார்க்கிறாள்! எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

“யாரெல்லாம் போறீங்க?”

“நானும் செல்லையா அண்ணனும். ரெண்டு பேரு போதும்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியாடா?”

“சொன்னா நீ குதிப்பே.”

“நான் ஏன் குதிக்கிறேன்? வேதக்காரவங்களா இருந்தா என்னா?” என்றாள்.

(குதிரைக்கு என்ன வேதம்? என் காது சரியாக வாங்கவில்லை என்று விட்டுவிட்டேன்.)

“அப்பா இருந்தா மனசு ஒடிஞ்சு போயிருப்பாரு, இப்படித் திருட்டுத்தனமா...”

“அப்பாவா? அப்பா கட்டாததையா நான் கட்டிட்டேன்? அம்மாவுக்குத் தெரியாமப் பினாங்குல எத்தனையக் கட்டினாருன்னு செல்லையா அண்ணனக் கேட்டுப் பாரு!”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். கேட் பக்கம் போய் நின்று திரும்பி, “நாளைக்கு நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுப் போடா” என்றாள். என்னை இவள் ஒருத்தியாவது புரிந்துகொண்டாளே என்று நினைத்தேன்.

மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். செல்லையா அண்ணன் மேலும் கீழும் பார்த்து, “என்னாடா மாப்ள மாதிரி வந்து நிக்கிற?” என்றார்.

நீங்கள் குதிரைத் திடலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், தொப்பி வைத்த பெண்கள், பூ, ஆரவாரம். நான் போன இடத்தில் வயசான ஆம்பிளைகள் இருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லோரும் கையிலிருந்த காகிதத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காசைக் கட்டிவிட்டு, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கம்பி வேலியோரம் போய் நின்றேன்.

பிலோமினா செம்மண் நிறம். பின்னங்கால் இரண்டிலும் கட்டு. ஓட்டம் தொடங்கியதும் எல்லாக் குதிரைக்கும் முன்னால் வந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு எதையோ யோசிக்கிற மாதிரி வேகத்தைக் குறைத்தாள். ஒவ்வொரு குதிரைக்கும் வழி விட்டாள். அவ்வளவு மரியாதை நம் சாலையில்கூடப் பார்க்க முடியாது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்.

“பிலோமினா! வா! வந்துரு! பிலோமினா! உன்ன நம்பித்தான் வந்திருக்கேன்! என்ன ஏமாத்திராதே! பிலோமினா!”

“அழாதடா தம்பி” என்று பின்னால் ஒரு குரல்.

திரும்பினேன். அக்கா நின்றாள். பட்டுப்புடவை, கையில் ரோஜா மாலை. பக்கத்தில் அக்காவின் கணவர், எங்கள் மாமா, வேட்டி சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு. அவர்களுக்குப் பின்னால் ஏழு சீர்வரிசைத் தட்டு, எங்கள் சொந்தத்தில் ஏழு பெண்கள். ஆரஞ்சு, ஆப்பிள், வெற்றிலைபாக்கு, வளையல், ஒரு கேக். ஒரு தட்டில் மடிப்புக் கலையாத வெள்ளைப் பட்டுச் சேலை. ஓரத்தில் அக்காவின் மகள் கவிதா, கையில் தொலைபேசி.

எப்படி வந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கவிதாதான் என் கைத்தொலைபேசியை வாங்கி அமைத்துத் தந்தவள். நான் எங்கே போனாலும் அவளுடைய திரையில் ஒரு புள்ளி நகரும் என்பது எனக்குத் தெரியாது. மாமா தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவர். பத்துப் பேரும் வேனில் புள்ளியைத் துரத்திக்கொண்டு பினாங்குப் பாலம் தாண்டி வந்தார்கள். அந்தத் திடல் கட்டடத்தில் கல்யாண விருந்துக்கு மண்டபம் விடுவார்களாம். காவலாளி தட்டுகளைப் பார்த்ததும் கேட்காமலே கேட்டைத் திறந்துவிட்டான். உள்ளே இவ்வளவு கார் நிற்பதைப் பார்த்து அக்கா, “பொண்ணு பெரிய எடம் போல” என்றாளாம்.

“எங்கடா அவ?” என்றாள் அக்கா.

“யாரு?”

“பிலோமினாடா! இப்பத்தான பேரச் சொல்லி அழுத?”

என் கை தானாகவே நீண்டது. “அந்தா. கடைசியா வருது.”

பத்துத் தலையும் ஒன்றாகத் திரும்பின. மற்ற குதிரைகள் முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. வெறும் திடலில் பிலோமினா மட்டும் வந்துகொண்டிருந்தாள்.

மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “எது, மேல உக்காந்திருக்கிற ஆளா?”

“கீழ இருக்கிறது மாமா.”

தட்டு பிடித்திருந்த சித்தி ஒருத்தி, “கால்ல கட்டுப் போட்டிருக்கே, பாவம்” என்றாள். இன்னொருத்தி, “அடக் கட்டையில போறவனே, குதிரையவா கட்டுறேன்னே?” என்றாள். அப்போதுதான் எனக்கு அந்தச் சொல் முழுதாகப் புரிந்தது. நேற்று நான் பேசியது ஒவ்வொரு வரியாகத் தலைக்குள் ஓடியது. அப்பாவைப் பற்றிச் சொன்ன இடம் வந்ததும் வேலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“அப்ப நான் எதுக்குடா வேட்டி கட்டிக்கிட்டு வந்தேன்?” என்றார் மாமா. நியாயமான கேள்வி.

செல்லையா அண்ணன் அந்த நேரம் பார்த்துக் கழிவறைக்குப் போனவர். மாலை வரை திரும்பவில்லை.

அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் குதிரை கோட்டைத் தாண்டுகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு மாலையைப் பார்த்தாள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் ஒரு சீனக் கிழவர் தயங்கித் தயங்கி வந்தார். மாலையையும் தட்டுகளையும் காட்டி, “இனி உந்தோக் குடா சாயா கா?” என்று மலாயில் கேட்டார். இதெல்லாம் என் குதிரைக்கா என்று. அவர்தான் பிலோமினாவின் முதலாளி. பத்துப் பேர் கத்துகிற மாதிரி நான் ஒருவன் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தியதை மேலேயிருந்து கேட்டாராம். அவளுக்காக இதுவரை யாரும் கத்தியதில்லையாம்.

எனக்கு அவமானமெல்லாம் மறந்துவிட்டது. இவரைத்தானே இத்தனை நாள் தேடினேன்! அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கிட்டார்காரரின் பெயரைச் சொன்னேன். கேசட் அட்டையின் கடைசி வரியைச் சொன்னேன். கையால் கிட்டார் வாசித்தும் காட்டினேன்.

“கித்தார் அப்பா?” என்றார் கிழவர். என்ன கிட்டார்?

பிலோமினா அவருடைய மனைவியின் பெயர். இறந்து மூன்று வருடம். அவருக்குப் பாட்டே பிடிக்காது, எந்தப் பாட்டும். “டியா புன் தா சுகா குடா” என்று சிரித்தார். அவளுக்குக் குதிரையும் பிடிக்காதாம். குதிரைத் திடலுக்குப் போகாதே என்று நாற்பது வருடம் சண்டை போட்டாளாம். இப்போது சண்டை போட ஆள் இல்லாததால் ஒரு குதிரையை வாங்கி அவள் பெயரையே வைத்துவிட்டாராம்.

நான் கையை விட்டேன். எனக்கு அந்த மனிதர் மேல் கோபமே வந்தது. அவர் என்ன செய்வார்? நான்தான் இல்லாத ஆளுக்குச் சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு மலாய் நன்றாகப் புரியும். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவள், மாலையை அவரிடம் நீட்டினாள். “போட்டுருங்க” என்று தமிழிலேயே சொன்னாள். அவர் எங்களைக் குதிரையிடம் அழைத்துப் போனார். கடைசியாக வந்த குதிரைக்கு ரோஜா மாலை போட்டது அந்தத் திடலில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிலோமினா மாலையில் பாதியைத் தின்றாள். கவிதா படம் எடுத்தாள். புதுச் சட்டையில் நான், மாலையோடு குதிரை, இரண்டு பக்கமும் சீர்வரிசைத் தட்டு. அந்தப் படத்தைப் பற்றி நான் இதற்கு மேல் பேச விரும்பவில்லை.

திரும்பும்போது என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். பாலத்தில் ஏறியதும் பின்னால் யாரோ ஆப்பிளைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை.

“உங்கள யாரு வரச் சொன்னா?” என்றேன்.

முன் இருக்கையிலிருந்து அக்கா திரும்பவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நேத்துச் சாயங்காலம் கடைக்குப் போயி வெள்ளச் சேல கேட்டேன். வேதக்காரப் பொண்ணு, மாதா கோயில்ல வெள்ளதான் கட்டுமேன்னு. கடக்காரன், ‘வீட்ல ஏதும் துக்கமாக்கா?’ன்னான். ‘இல்ல தம்பி, என் தம்பி பொண்டாட்டிக்கு’ன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்டா. அவன் கேக்காமயே ரெண்டாவது தடவ சொன்னேன்.”

பதில் இல்லாதபோது நான் வாயை மூடிக்கொள்கிற ஆள் இல்லை. “நான் கேட்டேனா சேல?” என்றேன்.

வேன் என் வீட்டு வாசலில் நின்றது. இறங்கினேன். அக்கா, “வர்றேன்டா” என்று எப்போதும் சொல்வாள். அன்று சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை, கேட் திறக்கிற சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று பாட்டைக் குறைத்து வைத்தேன். முப்பது வருடத்தில் முதல் தடவை. நான்காவது சனிக்கிழமை பாட்டே போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மடையன், சத்தம் போட்டாலும் அதே கேள்வி, போடாவிட்டாலும் அதே கேள்வி. ஆனால் அந்த வாரத்தில் என்னோடு பேசிய ஒரே ஆள் அவர்தான். அதனால் திட்டாமல், நன்றாக இருக்கிறேன் என்றேன்.

ஐந்தாவது சனிக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பீடோங் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு போர்வையை உதறினாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

“பசிக்குது” என்றேன்.

அக்கா போர்வையைக் கொடியில் போட்டாள். இரண்டு பக்கமும் இழுத்துச் சரி பண்ணினாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

“ஏன், அவ சமைக்கலியா?” என்றாள்.

“எவ?”

“உன் பொண்டாட்டிதான்.”

உள்ளேயிருந்து மாமா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. என் காதுக்கே கேட்டது என்றால் பாருங்கள். “ஹெல்மெட்டக் கழட்டிட்டு உள்ள வா” என்றாள் அக்கா. தட்டில் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ஓரத்தில் ஒரு முழு கேரட்டைத் தோல்கூடச் சீவாமல் வைத்தாள். “இது வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போ. அவ பாத்துக்கிட்டு இருப்பா.”

அன்று ஆரம்பித்தது. ஆறு வருடம் ஆகிறது, நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு நான் பிலோமினா மாமா. தீபாவளிக்குப் போனால், “மாமிக்குக் கால் எப்படி இருக்கு?” என்பார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வேண்டுமென்றே உறையில் ‘குடும்பத்தினர்’ என்று எழுதி, அடியில் ஒரு லாடம் வரைவார்கள். விருந்துக்குப் போனால் எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு, “அது மாமி சீட், யாரும் உக்காராதீங்க லா” என்று கூச்சல். நான் எல்லோரையும் திட்டுவேன். திட்டத் திட்டத்தான் அவர்களுக்குச் சந்தோஷம். குதிரை கட்டுவதை அன்றோடு விட்டுவிட்டேன். அக்கா கல்யாணப் பேச்சை விட்டுவிட்டாள். ‘உனக்குத்தான் ஆயிருச்சே’ என்பாள்.

போன வருடம் கவிதாவின் கல்யாணம். மண்டபத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் மேடையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னை ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டு அக்காவும் போய்விட்டாள். மேசையில் மற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், ஜோடி ஜோடியாக. ஒருவரையும் எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது. லாடமும் தெரியாது, கேரட்டும் தெரியாது. என் பக்கத்து நாற்காலி சும்மா காலியாக இருந்தது.

ஒரு ஆள் வந்து அதன் முதுகில் கை வைத்தார். “அண்ணே, இங்க ஆளு இருக்கா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இருக்கு,” என்றேன். “சம்சாரம். வருவா. எப்பவும் கடைசியாத்தான் வருவா.”